மிஞ்சிய நெல்: பாதி உயிர், பாதி கண்ணாடி

புதுமனை புகுவிழாவுக்குக் கலசம் வைக்க நெல் வாங்குகிறோம். ஐயர் எழுதிக் கொடுக்கும் பட்டியலில் ஐந்து கிலோ என்று இருக்கும், பாதி மிஞ்சும். மலேசியாவின் ஜொகூரில், தெப்ராவ் வட்டாரத் தாமான் குடியிருப்புகளில் அதை அரைத்துத் தர ஆலை கிடையாது. குத்த உரலும் இல்லை. குப்பைத் தொட்டியில் போடவோ யாருக்கும் மனம் வராது. கடைசியில் வாசலில் இருக்கும் பூந்தொட்டியின் அடியில் கொட்டுவார்கள். ஒரு வாரத்தில் செம்பருத்தியின் காலடியில் பச்சைப் பசேலென்று நாற்று நிற்கும்.

அதே வீட்டில் காக்கைக்கு வைக்கும் அரிசியும் தினமும் மண்ணில் சிந்துகிறது. அதில் ஒன்றுகூட முளைத்ததில்லை. நெல்லுக்குள் இருப்பதும் அரிசிதானே? உமி என்ற அந்த மெல்லிய உறையில் அப்படி என்ன இருக்கிறது?

உமி நீங்கினால் அரிசி முளைக்காது என்பது ஔவையாரின் மூதுரையைப் பள்ளியில் படித்த எல்லாருக்கும் தெரிந்த செய்தி. அது உண்மையா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். இருபது நெல்மணிகளை எடுத்து, பத்தை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். மற்ற பத்தின் உமியை நகத்தால் பொறுமையாக உரியுங்கள். பழுப்பு நிற அரிசி உடையாமல் வெளியே வரவேண்டும். இரண்டையும் ஈரத்துணியில் வைத்து மூடினால், நெல் நல்ல நெல்லாக இருக்கும் பட்சத்தில் இரண்டு வரிசையுமே முளைக்கும். உமி உரித்த வரிசை சில சமயம் முந்திக்கொண்டும் முளைக்கும். ஜப்பானில் முளைவிட்ட பழுப்பரிசியைப் பொட்டலம் கட்டிக் கடையில் விற்கிறார்கள்.

ஔவையாரைக் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை. அவர் காலத்தில் உமியை நகத்தால் யாரும் உரிக்கவில்லை, உலக்கையால் குத்தினார்கள். அரிசியின் ஒரு முனையில் சின்னதாக ஒரு பள்ளம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முளைக்கரு உட்கார்ந்திருந்த இடம் அது. செடியாக வேண்டிய உயிர்ப்பொருள் முழுவதும் அந்த ஓரத்தில்தான் இருக்கிறது. உலக்கையோ ஆலையோ முதலில் பெயர்த்தெடுப்பது அதைத்தான். அது தவிட்டோடு போய்விடுகிறது. நம் சோற்றுப் பானைக்கு வருவது கருவை இழந்த மாவுச்சத்து. புழுங்கல் அரிசி என்றால் கேட்கவே வேண்டாம். உமிக்குள் இருக்கும்போதே வெந்துவிட்ட அரிசி அது.

கருவுக்கும் மாவுக்கும் என்ன பேச்சுவார்த்தை நடக்கிறது என்று தெரிய வந்த கதை சுவையானது. அது நெல்வயலில் தொடங்கியது. ஜப்பானில் நெல்லுக்கு ஒரு பூஞ்சை நோய் உண்டு. நோய் கண்ட நாற்று மற்றவற்றைவிட ஒல்லியாக, வெளிறி, நெடுநெடுவென்று வளர்ந்து சாய்ந்துவிடும். தைவானில் வேலை பார்த்த எயிச்சி குரோசாவா, அந்தப் பூஞ்சையை ஒரு திரவத்தில் வளர்த்தார். பிறகு பூஞ்சையை முழுவதும் வடிகட்டிவிட்டு, வெறும் திரவத்தை நல்ல நாற்றுகளுக்குக் கொடுத்தார். அவையும் நெடுநெடுவென்று வளர்ந்தன. செடியை இழுத்து நீட்டுவது பூஞ்சை வெளியிட்ட ஏதோ ஒரு வேதிப்பொருள் என்று அவர் 1926இல் அறிவித்தார். தெய்ஜிரோ யபுதா 1935இல் அதற்கு ஜிப்பெரெல்லின் என்று பெயர் வைத்தார். செடிகளும் இதைத் தமக்குள் தாமே சுரக்கின்றன என்பது பின்னால் தெரிந்தது. தமிழில் வளரூக்கி என்று சொல்லும் வகையைச் சேர்ந்தது இது.

1960இல் பார்லியை வைத்து இன்னொரு சோதனை நடந்தது. விதையை இரண்டாக வெட்டி, கரு இல்லாத பாதியை ஈரத்தில் போட்டார்கள். எத்தனை நாள் ஆனாலும் மாவு மாவாகவே கிடந்தது. அதில் துளி ஜிப்பெரெல்லினைச் சேர்த்ததும் மாவு கரைந்து சர்க்கரையாக மாறத் தொடங்கியது. ஆக, நனைந்த கரு முதலில் ஜிப்பெரெல்லினை அனுப்புகிறது. மாவைச் சுற்றியிருக்கும் தவிட்டு அடுக்கு அந்தச் செய்தியைப் பெற்று அமைலேஸ் என்ற நொதியைச் சுரக்கிறது. நொதி மாவைச் சர்க்கரையாக உடைக்கிறது. அதைத் தின்று கரு முளைவிடுகிறது. தீட்டிய அரிசியில் அனுப்புகிறவரும் இல்லை, பெறுகிறவரும் இல்லை.

மிஞ்சிய நெல்லை வைத்து ஏதாவது செய்யுமுன் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இதுதான்: உங்களிடம் இருப்பது உயிருள்ள நெல்லா, செத்த நெல்லா? பார்த்தால் தெரியாது. நூறு மணிகளை எண்ணி ஈரத்துணியில் கட்டி வைத்தால் நான்கைந்து நாளில் தெரிந்துவிடும். பூசைச் சாமான் கடை நெல் எந்த வருடத்து அறுவடை என்பது பொட்டலத்தில் இருப்பதில்லை. விதைகளின் ஆயுளைப் பற்றி ஆராய்ந்த ஜேம்ஸ் ஹாரிங்டன் ஒரு தோராயக் கணக்குச் சொன்னார். விதையின் ஈரப்பதம் ஒரு விழுக்காடு குறைந்தால் அதன் ஆயுள் இரட்டிக்கும். சேமிக்கும் இடத்தின் வெப்பம் ஐந்தரை பாகை செல்சியஸ் அளவு குறைந்தாலும் இரட்டிக்கும். ஜொகூரில் இரண்டுமே நமக்கு எதிர். வருடம் முழுக்க வெக்கை, வருடம் முழுக்கப் புழுக்கம். சேமிப்பு நெல்லின் ஈரம் 14 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பார்கள். பிளாஸ்டிக் பையில் சுருட்டிச் சமையலறை மூலையில் வைத்தால் அது தாண்டாமல் இராது. நல்ல வெயிலில் காயவைத்து, ஆறவிட்டு, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்துக் குளிர்பெட்டியின் அடித்தட்டில் வைத்தால் அடுத்த வருடமும் முளைக்கும்.

அரிசியைவிட நெல் வண்டுக்குத் தாக்குப்பிடிப்பதும் உமியால்தான். கெட்டியாக மூடிய உமியை அரிசி வண்டால் எளிதில் துளைக்க முடியாது. உமி விரிசல் விட்ட மணிகளைத் தேடித்தான் அது போகும். அந்துப்பூச்சி வேறு ரகம். அதன் புழு முழு நெல்லுக்குள்ளேயே புகுந்து உள்ளே இருப்பதைத் தின்றுவிட்டு, பூச்சியாக மாறிய பின் வட்டமான ஓட்டை வழியே வெளியே வரும்.

முளைக்க வைப்பதென்று முடிவானால் ஊறவைக்கும் நேரத்தில் கவனம் வேண்டும். மூன்று நான்கு நாள் தண்ணீருக்கு அடியிலேயே விட்டுவிட்டால் வெள்ளைக் குருத்து மட்டும் நீண்டுகொண்டு போகும், வேர் வராது. உயிர்வளி துளியும் இல்லாத இடத்தில்கூட முளைவிடக்கூடிய மிகச் சில விதைகளில் நெல் ஒன்று. ஆனால் அந்த நிலையில் குருத்துறை மட்டுமே வளரும். தண்ணீருக்கு மேலே தலை நீட்டிக் காற்றைப் பிடித்த பிறகுதான் வேரும் இலையும். விதை நெல்லை ஒரு நாள் ஊறவைத்து, பிறகு வடித்துச் சாக்கில் கட்டி வைக்கும் வழக்கத்தின் காரணம் இது. சாக்குக்குள் ஈரமும் உண்டு, காற்றும் உண்டு.

முளைத்த நெல்லைத் தொட்டியில் நட்டால் கதிர் வருமா? இங்கேதான் தெப்ராவின் இடம் முக்கியமாகிறது. நெல் பகல்பொழுதின் நீளத்தை உணரும் பயிர். தமிழ்நாட்டின் பழைய சம்பா ரகங்கள் பகல் குறுகத் தொடங்கிய பிறகே பூக்கும். நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரை பாகை வடக்கே இருக்கும் தெப்ராவில், வருடத்தின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் பத்து நிமிடம். பத்து நிமிடத்தை ஒரு புல் கண்டுபிடிக்குமா என்று கேட்கத் தோன்றும். மலாக்காவில் சியாம் 29 என்ற ரகத்தை வைத்துப் பார்த்தார்கள். ஜனவரியில் விதைத்தது பூக்க 329 நாள் எடுத்துக்கொண்டது. செப்டம்பரில் விதைத்ததோ 161 நாளில் பூத்துவிட்டது. மலாக்காவில் வருடம் முழுவதற்கும் பகல் நீளத்தின் ஏற்ற இறக்கம் வெறும் 14 நிமிடம். ஜே. டோர் என்பவர் இதை 1959இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்.

அறிவியல் அதிசயமாக இது நன்றாகத்தான் இருக்கிறது, விவசாயிக்கோ தலைவலி. நாள் பார்த்துப் பூக்கும் நெல்லை வைத்துக்கொண்டு வருடத்துக்கு இரண்டு போகம் எடுக்க முடியாது. ஆகவே பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத ரகங்களை உருவாக்க வேண்டியிருந்தது. தைச்சுங் 65 என்ற தைவான் நெல்லையும் மாயாங் ஏபோஸ் 80 என்ற மலாயா நெல்லையும் கலந்து பெற்ற மசூரி, மலேசியாவில் 1965இல் வெளியானது. அது இந்தியாவுக்குப் போனது. அதிலிருந்து தேர்ந்தெடுத்துத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்டதுதான் பொன்னி. ஜொகூர் பாரு மளிகைக் கடையில் ‘இந்தியா பொன்னி’ என்று கேட்டு, கூடுதல் காசு கொடுத்து வாங்குகிறோமே, அதன் பூர்வீகம் இந்த மண்ணைச் சேர்ந்தது.

எனவே, தொட்டியில் முளைத்த நெல் மூன்று மாதம் கழிந்தும் கதிர் விடாமல் புல்லாகவே நின்றால் அதைத் திட்டவேண்டாம். அது வேறு அட்சரேகையின் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். கதிர் பார்க்க ஆசை இருந்தால் மலேசிய வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான மார்டி 2001இல் வெளியிட்ட எம்.ஆர். 219 போன்ற உள்ளூர் ரகம் நல்லது; நான்கு மாதத்துக்குள் அறுத்துவிடலாம். ஊரிலிருந்து வரும் உறவினரிடம் ‘மாப்பிள்ளைச் சம்பா விதை ஒரு கைப்பிடி பெட்டியில் போட்டுக் கொண்டு வா’ என்று மட்டும் சொல்லாதீர்கள். 1976ஆம் ஆண்டின் தாவரத் தடுப்புக்காப்புச் சட்டப்படி அதற்கு அனுமதி வேண்டும். வாளியில் வளர்ப்பவர்கள் தண்ணீரைத் தேக்கி வைக்கவும் வேண்டாம். சேறு எப்போதும் நனைந்திருந்தால் நெல்லுக்குப் போதும். தேங்கிய தண்ணீரில் ஒரே வாரத்தில் ஏடிஸ் கொசு வளர்ந்துவிடும். சுகாதார அதிகாரி பார்த்தால், நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிப்பதற்கான 1975ஆம் ஆண்டின் சட்டப்படி அபராதம் வீட்டுக்காரருக்குத்தான், நெல்லுக்கு இல்லை.

கதிரே வேண்டாம், முளை போதும் என்றால் வேலை சுலபம். கோழி வளர்க்கிறவர்களுக்கு முளைகட்டிய நெல் நல்ல தீனி. முழு நெல்லையும் கோழி தின்னும்; பல் இல்லாத குறையை அதன் அரைவைப்பையும் அது விழுங்கி வைத்திருக்கும் சிறு கற்களும் தீர்த்துவிடும். முளைகட்டாத நெல்லை மட்டும் அப்படியே உரக்குழியில் போடாதீர்கள். வீட்டு உரக்குழி, விதையைக் கொல்லும் அளவுக்குச் சூடாவது அபூர்வம். எலியும் வரும், ஆறு மாதம் கழித்துத் தோட்டமெல்லாம் நெற்புல்லும் வரும். ஒரு கொதி விட்டு, ஆறவைத்து, குழியின் நடுவில் புதைத்தால் தொல்லை இல்லை.

இனி உமிக்கு வருவோம். நெல்லின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உமி. அந்த உமியை முழுக்க எரித்தால் அதில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும். அந்தச் சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா. ஐந்து கிலோ நெல்லுக்கு 180 கிராம் என்று கணக்கு வரும். சிலிக்கா என்பது மணலின் பொருள், கண்ணாடியின் மூலப்பொருள். ஜாலான் தெப்ராவில் இருக்கும் அருள்மிகு இராஜகாளியம்மன் கோவிலின் சுவரெல்லாம் மின்னும் கண்ணாடித் துண்டுகளுக்கும், அங்கே கலசத்தின் அடியில் பரப்பும் நெல்லின் உமிக்கும் அடிப்படைப் பொருள் ஒன்றே.

மண்ணிலிருந்து இது உமிக்கு எப்படி ஏறுகிறது? மண்ணில் உள்ள சிலிக்காவில் துளியூண்டு தண்ணீரில் கரைந்து சிலிசிக் அமிலமாக இருக்கும். வேர் அதை நீரோடு சேர்த்து உறிஞ்சும். நீர் இலை நுனிக்கும் உமிக்கும் போய் ஆவியாகிவிடும்; கரைந்திருந்த சிலிக்கா மட்டும் அங்கேயே தங்கிவிடும். தண்ணீர் ஊற்றி வைத்த மண்பானையின் வெளிப்புறத்தில் நாளாக ஆக உப்புப் பூப்பது எப்படியோ, அப்படி. உமியின் உயிரணுச் சுவர்களில் சிலிக்கா அச்சு வார்த்ததுபோல் இறுகிவிடுகிறது. நெற்பயிரைத் தடவினால் கை அறுபடுவதும் இதனால்தான்.

ஆனால் எல்லாப் பயிரும் நீரை உறிஞ்சத்தானே செய்கிறது? தக்காளிச் செடியில் ஏன் இவ்வளவு சிலிக்கா இல்லை? நெல் சிலிக்காவை வேண்டி விரும்பி இழுக்கிறது என்று மா ஜியான் ஃபெங் குழுவினர் ஜப்பானில் நிறுவிய விதம் கெட்டிக்காரத்தனமானது. தனிம அட்டவணையில் சிலிக்கானுக்கு நேர் கீழே ஜெர்மானியம் இருக்கிறது. நெல்லின் வேருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, ஜெர்மானியமோ நஞ்சு. மரபணுவில் மாற்றம் செய்யப்பட்ட நெல் நாற்றுகளுக்கு ஜெர்மானியம் கலந்த நீரைக் கொடுத்தார்கள். மற்றவை நஞ்சேறி வாடியபோது, வாடாமல் நின்ற நாற்றைத் தனியே எடுத்தார்கள். அது ஏன் பிழைத்தது? சிலிக்காவை இழுக்கும் வாசல் அதன் வேரில் பழுதாகியிருந்தது. அந்த வாசல் வழியேதான் நஞ்சும் நுழைய வேண்டும். அந்த நாற்றைத் துருவியே வாசலுக்கான மரபணுவைக் கண்டுபிடித்து 2006இல் வெளியிட்டார்கள். சிலிக்கா ஏறாத அந்த நெல்லைப் பூச்சியும் நோயும் எளிதில் தாக்கின.

சிலிக்கா மக்குவதில்லை. நெல் உமியின் உயிரணுக்களுக்கு இரட்டைக் கொம்பு வைத்த தனி வடிவம் உண்டு. செடி அழிந்து ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆன பின்னும் அந்த வடிவத்தில் சிலிக்காத் துகள் மண்ணில் கிடக்கும். இவற்றைத் தாவரக்கல் என்கிறோம். சீனாவில் நெல் சாகுபடியின் தொன்மையைக் கணிக்க இவை உதவின. பழனிக்குப் பக்கத்தில் பொருந்தல் என்ற ஊரில் பேராசிரியர் கா. ராஜன் நடத்திய அகழாய்வில், ஈமச்சின்னத்துள் இருந்த நான்கு கால் ஜாடியில் ஏறத்தாழ இரண்டு கிலோ நெல் கிடைத்தது. கரிமக் காலக்கணிப்பு அதற்குத் தந்த காலம் கி.மு. 490.

இரண்டாயிரத்து ஐந்நூறு வருடம் தாங்கும் பொருளைப் பூந்தொட்டியில் போட்டு ‘உரம்’ என்று சொல்வது அவ்வளவு சரியில்லை. பச்சை உமி மக்க வெகுநாள் ஆகும். அதுவரை அதைத் தின்ன வரும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய நைட்ரஜனை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும், செடி மஞ்சளடிக்கும். உமியில் தண்ணீர் எளிதில் ஒட்டாது. ஜொகூரின் மாலை மழை ஒன்று அடித்தால் மேலே தூவிய உமி மிதந்து சாக்கடைக்குப் போய்விடும். கோழிக்கூட்டுத் தரையில் பரப்ப அது நல்ல பொருள். எச்சத்தோடு சேர்ந்து சில மாதம் கிடந்த பிறகு தோட்டத்துக்கு வந்தால் நைட்ரஜன் கடனும் தீர்ந்திருக்கும்.

தொட்டிக்கு ஏற்றது கருக்கிய உமி. நர்சரிகளில் ‘செக்காம் பாக்கார்’ என்று மூட்டையாக விற்கிறார்கள். காற்று அதிகம் புகாமல் புகையவிட்டு, சாம்பலாகுமுன் தண்ணீர் தெளித்து அணைத்த உமி இது. சிலிக்காச் சட்டம் அப்படியே நிற்க, இடையில் இருந்த நார்ப்பொருள் கரியாகிவிடுகிறது. நுண்துளைகள் நிறைய, எடை குறைவு, இறுகும் செம்மண்ணில் கலந்தால் வேருக்குக் காற்றும் கிடைக்கும், ஈரமும் நிற்கும். கலந்து கிடந்த நெல்மணிகளும் கருகிப்போவதால் களை முளைக்காது. ஜொகூர் மண் பெரும்பாலும் புளிப்பு. கருக்கிய உமி காரம். ஆகவே மிளகாய், கத்தரி, கறிவேப்பிலைத் தொட்டிகளில் நாலில் ஒரு பங்கு சேர்க்கலாம். புளிப்பு மண்ணை விரும்பும் வெட்சிக்குக் குறைத்துக்கொள்ளுங்கள்.

நம் பாட்டிகள் பல் துலக்கிய உமிக்கரியும் இதுதான். இன்றைய பற்பசைகளிலும் தேய்ப்புப் பொருளாக இருப்பது பெரும்பாலும் நீரேறிய சிலிக்காவே. ஆனால் அதன் துகள் அளவைக் கட்டுப்படுத்தித் தயாரிக்கிறார்கள். உமிக்கரியில் அந்தக் கட்டுப்பாடு இல்லாததால் பற்சிப்பி தேயும். ஏக்கத்துக்காகப் பழைய பழக்கத்துக்குத் திரும்ப வேண்டியதில்லை.

வீட்டிலேயே உமியைக் கருக்கலாமே என்று தோன்றினால், இரண்டு காரணங்களுக்காக வேண்டாம் என்பேன். ஒன்று சட்டம்: 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் 29அ பிரிவு திறந்தவெளியில் எரிப்பதைத் தடுக்கிறது, வரிசை வீட்டுப் பக்கத்துக்காரர் புகையைப் பொறுப்பதும் ஓரளவுக்குத்தான். இரண்டாவது காரணம் சூடு. அளவான வெப்பத்தில் கருகும் உமியின் சிலிக்கா, அணுக்கள் ஒழுங்கில்லாமல் அடைந்து கிடக்கும் படிகமற்ற நிலையிலேயே இருக்கும். எரிப்பு ஏறத்தாழ 700 பாகையைத் தாண்டி நீடித்தால் அணுக்கள் அணிவகுத்து, கிறிஸ்டோபலைட் என்ற படிகமாகத் தொடங்கும். எக்ஸ் கதிரைச் செலுத்திப் பார்த்தால் இந்த மாற்றம் தெரியும்: படிகமற்ற சிலிக்கா மேடுபோல் பரந்த ஒரு வளைவைக் காட்டும், படிகமானதும் கூர்மையான முனைகள் எழும். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பி. குமார் மேத்தா 1970களில் உமிச் சாம்பலைச் சிமெண்டில் கலக்க ஆராய்ந்தபோதும் இந்தச் சூட்டுக் கட்டுப்பாடுதான் முக்கியமாக இருந்தது. படிகமாகாத சாம்பல்தான் சுண்ணாம்போடு நன்றாக வினைபுரியும். தோட்டக்காரருக்கு இது நுரையீரல் சமாச்சாரம். தூசாக மூச்சில் போகும் கிறிஸ்டோபலைட்டை, புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1997இல் சேர்த்தது.

நர்சரியில் மூட்டையைப் பிரித்துப் பார்த்து வாங்குங்கள். உமியின் படகு வடிவம் குலையாமல், நல்ல கறுப்பாக, கையில் எடுத்தால் லேசாக ஈரம் தட்டினால் அது கருக்கிய உமி. வெள்ளையாகவோ வெளிர் சாம்பல் நிறமாகவோ, ஊதினால் பறக்கும் மாவாகவோ இருந்தால் அது வெந்து தணிந்த சாம்பல். அதில் கரி இல்லை, காரம் அதிகம், தூசும் அதிகம். அதை வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டிருந்தால், முகக்கவசம் போட்டுக்கொண்டு தண்ணீர் தெளித்து நனைத்த பிறகே கையாளுங்கள்.